மாடியில் ஆஸ்பராகஸ்

என் மருமகள் மொட்டை மாடியில் வளர்த்த ஆஸ்பராகஸ் செடிகளை ஒரே ஒரு பொய்யால் அழித்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சுற்றி வளைத்தால் எனக்குச் சாதகமாக எழுதிவிடுவேன்.

மனைவி இறந்த பிறகு ராஜகீழ்ப்பாக்கத்தில் மகன் வீட்டுக்கு வந்தேன். அங்கே குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. என்னைப் பார்த்துக்கொள்ள மருமகள் வேலையை விட்டாள். "அப்பா எழுந்து நடக்கிற வரைக்கும்தான்" என்றான் மகன். நான் எழுந்து நடந்தேன். அவள் வேலைக்குத் திரும்புவதைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும்தான்.

பல்லாவரம் சந்தையில் பழைய நீல டிரம்கள் வாங்கி வந்து, பாதியாக அறுத்து, அடியில் துளை போட்டு, மண்ணும் தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் நிரப்பினாள். கத்தரி, வெண்டை என்று நினைத்தேன். இளந்தண்டை வெட்டிச் சமைக்கிற மேல்நாட்டுக் காயான ஆஸ்பராகஸை விதைத்தாள்.

"நம்ம வெயிலுக்கு வருமாம்மா?"

"தண்ணீர்விட்டான் கிழங்குக்குச் சொந்தம்தான் மாமா, வரும். ஆனா வெட்ட மூணு வருஷம் ஆகும்."

"அதுக்குள்ள நானே போயிடுவேன்."

"எங்க போவீங்க? படியே ஏற முடியல," என்றாள். இருவரும் சிரித்தோம்.

டிரம்களைத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்திருந்தாள். முதலில் வரும் தண்டுகளை வெட்டக் கூடாது, இறகு மாதிரி விரிய விட்டால்தான் வேர் பருக்கும் என்றாள். மதியம் பாத்திரம் கழுவியதும் மேலே போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் இறங்குவாள். செல்போனைக் கீழேயே வைத்துவிட்டுப் போவாள். நான் படிக்கட்டடியில் நின்று தேவையில்லாமல் கூப்பிடுவேன். காபி என்பேன், கண்ணாடியைக் காணோம் என்பேன்.

ஒருமுறை பாலை அடுப்பில் வைத்து மறந்ததால் காஸ் பக்கம் போகக் கூடாது என்று மகன் சொல்லியிருந்தான். தனியாகக் கடைத்தெருவுக்குப் போவதும் நின்றது. தண்ணீர் மோட்டார் போடுவது ஒன்றுதான் என் கையில் மிஞ்சியிருந்தது. ஓர் இரவு அதைப் போட்டுவிட்டுத் தூங்கிப்போனேன். தொட்டி நிரம்பி வழிந்து மாடியெல்லாம் தண்ணீர். சில நாளில் மகனுடைய அறைக் கூரையில் ஈரக்கறை தெரிந்தது.

"மேல என்ன ஒழுகுது?" என்றான்.

"தினமும் டிரம் டிரம்மா தண்ணி ஊத்தினா தளம் தாங்குமா?" என்றேன்.

சமையலறை வாசலில் நின்ற மருமகள் என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்து டிரம்களைக் காலி செய்தார்கள். அது மூன்றாவது வருடம். தண்டுகள் கட்டைவிரல் பருமனில் வந்திருந்தன. அவள் ஒன்றைக்கூட வெட்டியிருக்கவில்லை. கயிற்றுக் கற்றை போன்ற வேர்கள் தெருவோரம் வெயிலில் கிடந்தன.

அதன்பின் மதியங்களில் அவளும் நானும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். டிவி ஓடும். நான் கேட்பதற்கு முன்பே காபி வந்துவிடும். அதைக் குடிப்பது கஷ்டமாக இருந்தது.

ஒரு நாள் சாப்பிடும்போது மகனிடம் உண்மையைச் சொன்னேன். "என்னப்பா இது" என்றான், அவ்வளவுதான். மறுநாளே மோட்டாருக்குத் தானாக நிற்கும் கருவி பொருத்திவிட்டான். நான் ஆஸ்பராகஸ் விதை வரவழைத்து மருமகளிடம் கொடுத்தேன்.

"எனக்கு அப்பவே தெரியும் மாமா. மாடியில நின்ன தண்ணியைப் பெருக்கித் தள்ளினதே நான்தான்."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா, உங்களைத் தனியா விடக் கூடாதுன்னு உங்க பிள்ளை என்னை உங்க பக்கத்துலயே இன்னும் நெருங்கி உட்காரச் சொல்லியிருப்பார்."

விதைப் பொட்டலத்தைத் திருப்பி என் கையில் வைத்தாள். "இதைப் போட்டா, மறுபடியும் மூணு வருஷம் இங்கயே இருக்கணும்."

அவள் வேலைக்குப் போகட்டும் என்று மகனிடம் சொன்னேன். உங்களை யார் பார்ப்பது என்று கத்தினான். யாரும் வேண்டாம் என்றேன். பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, கடைசியில் ஒப்புக்கொண்டான்.

இப்போது அவள் தாம்பரத்தில் ஓர் அலுவலகத்துக்குப் போய்வருகிறாள். காலையில் இருவரும் கிளம்பும்போது கிரில் கதவை வெளியிலிருந்து பூட்டுகிறான் மகன், என் பாதுகாப்புக்காக. எனக்கும் ஒரு சாவி வேண்டும் என்று கேட்கலாம். கேட்டால் அவளை மறுபடி வீட்டில் உட்கார வைத்துவிடுவானோ என்று பயம். அதனால் கேட்கவில்லை.