சொல்லாத தலைவலி

யூரோ நாணயம் வந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். ஜெர்மனியில், ஹம் நகரில் என்னோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்த அண்ணை ஒருவர் ஐம்பது வயதில் மலை ஏற ஆசைப்பட்டார். துணைக்கு நானும் போனேன். தென் அமெரிக்காவில், எக்குவடோரில் பனி மூடிய எரிமலை. புதியவர்களை வழிகாட்டி கயிற்றில் கட்டிக் கூட்டிப்போவார்.

பனி தொடங்கும் இடத்தில் ஒரு குடில் இருந்தது. அங்கே வழிகாட்டி ஜெர்மனில் சொன்னார்: "இந்த உயரத்தில் தலைவலி ஆபத்து. இருந்தால் இப்போதே சொல்லுங்கள். வலிக்கிறவர் இங்கே தங்கலாம், மற்றவர் ஏறலாம். மேலே போனபின் ஒருவரைத் தனியே விட முடியாது. எல்லோரும்தான் இறங்க வேண்டும்."

எனக்கு அப்போதே வலியில் தலை வெடித்தது.

"தம்பி, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு. ஏலுமோ?" என்று அண்ணை கேட்டார்.

"ஓம், ஏலும். நீங்கள் உங்கட முழங்காலைப் பாருங்கோ."

தொழிற்சாலையில் சேர்ந்த பதினொரு வருடத்தில் சுகமில்லை என்று நான் ஒருநாளும் வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை.

நள்ளிரவில் ஏறத் தொடங்கினோம். விடியும்போது உச்சி தெரிந்தது. இன்னும் ஒரு மணி நேரம்தான் என்றார் வழிகாட்டி. அங்கே நான் வயிற்றில் இருந்ததெல்லாம் சத்தி எடுத்து விழுந்தேன். அவர் என் கண்ணைப் பார்த்தார், மூவரும் இறங்க வேண்டும் என்றார். அண்ணை உச்சியை ஒருமுறை பார்த்தார். பிறகு என் பையையும் வாங்கிச் சுமந்துகொண்டு இறங்கினார்.

வேலைக்குத் திரும்பிய அன்று, இடைவேளையில் எங்கள் தமிழ் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்னண்ணை, கொடி நட்டாச்சோ?"

"எங்கையடாப்பா. வயசு போட்டுது, எனக்கு ஏலாமல் போச்சு" என்று அண்ணை சிரித்தார்.

"அவருக்கு ஏலும். எனக்குத்தான் ஏலேல்லை. தலைவலி எண்டு கீழேயே சொல்லியிருக்க வேணும், சொல்லேல்லை" என்றேன்.

அதற்குப் பிறகு ஒருவரும் அண்ணையைக் கேலி செய்து பகிடி விடவில்லை. அன்று உச்சியைப் பார்த்ததுபோலவே அண்ணை யன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்தார்.