ஹக்கீம் சத்தியமும் அல்வாப் பொட்டலமும்

போர்வைக்குள் காகிதம் பிரிக்கும் சரசரப்பு கேட்டால், விளக்கைப் போடாமலே சொல்லிவிடலாம்: சர்க்கரை நோயாளி தின்கிறார். ராத்திரி வார்டில் அட்டெண்டராகக் காலம் தள்ளும் சகபாவிகளே, உங்களுக்குத் தெரியாததல்ல.

நானே கொடுத்த ஆயுதம்

கரமனைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஒன்பதாம் கட்டிலில், சாலைக் கடைத்தெரு அரிசி வியாபாரி மைதீன் பாய். கால் கட்டைவிரலில் ஆறாத புண். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். மனசு நிலைகொள்ளாத வியாதிக்குப் பழைய புத்தகங்கள்தான் மருந்து. அரபு நாட்டு ஹக்கீம்கள், அதாவது அந்தக் கால வைத்தியர்கள், நோயாளியின் ரகசியத்தை யாரிடமும் சொல்லமாட்டார்கள் என்று படித்ததை அவரிடம் அளந்தேன். பாய் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் போர்வையை விலக்கினால், தாடியில் அல்வா.

"நீயும் ஒரு ஹக்கீம்தாம்வே. யாருகிட்டயும் சொல்லப்படாது, என்னா?"

சோதனை அதிகாரி

அக்காலச் சந்தைகளில் எடைக்கல்லைச் சோதிக்கும் அதிகாரியே வைத்தியர்களையும் சோதிப்பாராம். எங்கள் வார்டில் அந்த உத்தியோகம் பாயின் மனைவி சுலைகாம்மாவுக்கு. சர்க்கரை ஏறிக்கொண்டே போனதும் தலையணையை உதறினார், பிளாஸ்கைக் குலுக்கினார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன்.

"ஏண்ணே, ஒண்ணும் தெரியாத மாதிரி இவ்வளவு நல்லா நிக்கிறியளே, எங்க படிச்சிய?" என்றார் சுலைகாம்மா.

விடுபட்ட பக்கம்

காலையில் நான் பத்தாம் கட்டில் விரிப்பை உருவிக்கொண்டிருக்கும்போது டாக்டரம்மா வந்தார். மலையாளி. சார்ட்டைப் பார்த்தார்.

"இன்சுலின் கூட்டியும் குறையலல்லோ. இப்படியே போனா விரலை எடுக்கணும், கேட்டோ பாய்."

வைத்தியரிடம் நோயாளியும் எதையும் மறைக்கக் கூடாது என்று அதே புத்தகத்தில் இருந்ததை நான் சொல்லாமல் விட்டிருந்தேன். குனிந்து பாயின் காதில் சொன்னேன்.

"இத மொதல்லயே சொன்னா என்னவே?" என்று முறைத்தார். கட்டுப்போட்ட விரலைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து, எண்ணெய் ஊறிய பொட்டலத்தை எடுத்து டாக்டரம்மாவிடமே நீட்டினார்.

"வெரலுக்கு வாயில்ல டாக்டர். அதுக்காக நான் சொல்லுதேன்: தெனமும் அல்வா."

புத்தகத்தை முழுதாகப் படித்துவிட்டுப் பாதியை மட்டும் பேசுகிறவனை நம்பியும் அந்த விரல் பிழைத்தது. அது தெரிந்தது பிற்பாடுதான்; அப்போதைக்கு நான் விட்ட இடத்திலிருந்து விரிப்பை உருவினேன்.