தோட்டக்காரன் சுட்ட ஸ்டேக்

1. மண்வெட்டி

சுதந்திரம் வந்த மறு வருஷம் எங்கள் துரை கப்பலேறிவிட்டார். அவர் வகித்த பதவிக்கும், அடையாற்றில் அவர் இருந்த கம்பெனி பங்களாவுக்கும் நாராயணன் சார் வந்தார். மயிலாப்பூர் பிராமணர். மேசை, நாற்காலி, ஐஸ் பெட்டியோடு பங்களாவில் மிஞ்சியிருந்த சாமான்களில் நானும் ஒருவன். பதினோரு வருஷம் துரைக்குக் குக்காக இருந்தவன். இந்த வீட்டில் எனக்கென்ன வேலை, மூட்டையைக் கட்டவேண்டியதுதான் என்று நினைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் சார் தனியாக, புறக்கடையில் நான் தங்கியிருந்த அவுட்ஹவுஸுக்கு வந்தார். கதவைச் சாத்தினார். பயிற்சிக்காக லண்டனில் இரண்டு வருஷம் இருந்தபோது லாம்ப் ஸ்டேக், அதாவது கனமாக வெட்டிச் சுட்ட செம்மறிக் குட்டிக் கறி, சாப்பிட்டுப் பழகிவிட்டதாகவும், வாரம் ஒருநாள் அது இல்லாமல் முடியவில்லை என்றும், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெற்றியில் சந்தனம் காயவில்லை, மனுஷன் ஸ்டேக் கேட்கிறார்.

"சவரி, இன்னிலேர்ந்து நீ தோட்டக்காரன். ஆத்துல யார் கேட்டாலும் தோட்டக்காரன். புரிஞ்சுதா?"

"எனக்கு மண்வெட்டி புடிக்கவே தெரியாது சார்."

"கத்துக்கோ" என்று போய்விட்டார்.

2. சனிக்கிழமை

சாரின் சம்சாரத்தை அம்மா என்றுதான் கூப்பிடுவேன், பெயர் கோமளம். பெரிய வீட்டுச் சமையலறை அவர்களுடையது, வெங்காயம்கூட நுழையாது. நான் புறக்கடையில் ரோஜாச் செடிகளைக் கொன்றுகொண்டிருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் விட்டதும் சார் கம்பெனி ஃபைலோடு அவுட்ஹவுஸுக்கு வருவார். "ஃபைல் பார்க்கிறேன், யாரும் வராதீங்கோ" என்று வீட்டில் சொல்லிவிட்டு வருவாராம்.

வேலை தெரியாதவர்கள் இதைக் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும். வெள்ளாடு ஆகாது, செம்மறிக் குட்டிதான். தொடையை எலும்போடு குறுக்கே ஒரு அங்குல கனத்துக்கு வெட்டச் சொல்லி வாங்க வேண்டும். நம் வழக்கப்படி மஞ்சள் போட்டு நாலு தண்ணீரில் அலசினால் தீர்ந்தது கதை. துணியால் ஈரம் போக ஒற்றி, உப்பு மிளகு தடவி, கனத்த இரும்பு வாணலி புகையும்போது போட்டு, பக்கத்துக்கு மூன்று நிமிஷம். எடுத்ததும் அறுக்கக் கூடாது, ஐந்து நிமிஷம் தட்டில் ஆற விட வேண்டும். உள்ளே இளஞ்சிவப்பு நிற்க வேண்டும். முதல் தடவை சார் கத்தியை வைத்ததும் அந்தச் சிவப்பைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். சாமி கும்பிடுகிறாரா, சாப்பிடுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படி ஆறு மாதம். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது என்று இரண்டு பேரும் நம்பினோம்.

3. பெரிய துரை வந்த ஞாயிறு

சித்திரை மாசம் லண்டனிலிருந்து பெரிய துரை வந்தார். சாரை அந்தப் பதவியில் நிரந்தரமாக்குவதா, இறக்கிவிடுவதா என்று முடிவு செய்கிறவர் அவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு பங்களாவுக்கு வருவதாக ஏற்பாடு. அம்மாவை அன்றைக்குப் பிறந்தகம் போய் வரச் சொன்னார் சார். மரத்தடியில் மேசை போட்டு லாம்ப் ஸ்டேக் என்று முடிவாயிற்று.

பழைய துரை கறியை இரண்டு நாள் தொங்கவிட்டுத்தான் சமைக்கச் சொல்வார், மெதுவாகுமாம். நானும் வெள்ளிக்கிழமையே வாங்கி ஈ புகாத வலைப்பெட்டியில் தொங்கவிட்டேன். அவர் அப்படிச் செய்யச் சொன்னதெல்லாம் மார்கழியில். இது சித்திரை என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. போதாததற்கு ஜலதோஷம், மூக்கு அடைத்துக் கிடந்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்குச் சார் கம்பெனி காரில் துரையை அழைத்துவரப் போய்விட்டார். நான் ஓரத்துக் கொழுப்பை வாணலியில் உருக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் தட்டியது. அம்மா. அந்தப் பக்கம் காலே வைக்காதவர்கள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். பிறந்தகம் போக வீட்டுக் கார் வாசலில் தயாராக நின்றது.

"உள்ள என்ன வச்சிண்டிருக்கே?"

"ரோஜாச் செடிக்கு உரம்மா" என்றேன்.

அம்மா சிரிக்கவில்லை. "ஆறு மாசமா சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை இந்த வாசனை ஆத்துக்குள்ள வந்துண்டுதான் இருக்கு. எனக்குத் தெரியும். இன்னிக்கு இது வேற. கெட்டுப்போயிருக்கு. வர்றவாளுக்கு இதைப் போட்டுடாதே."

கறியைப் புரட்டி விரலால் தொட்டேன். எலும்போரம் பிசுபிசுத்தது, லேசாகப் பச்சை கண்டிருந்தது. மிளகு தடவி நான் அதைத்தான் பரிமாற இருந்தேன். பெரிய துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தால் சார் பதவி அன்றோடு போயிருக்கும். நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அம்மாவிடமே கேட்டேன், இப்போது என்ன செய்வது என்று. "கார்ல ஏறு" என்றார்கள்.

டிரைவர் பக்கத்தில் நான், பின்னால் அம்மா. பாலம் தாண்டி சாந்தோம் பக்கம் பாய் கடைக்கு எதிரில் கார் நின்றது. உரித்த ஆடுகள் வரிசையாகத் தொங்கின. அம்மா நேரே முன்னால் பார்த்தபடி, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கறிக்கடை பாய் காரைப் பார்த்து வாய் பிளந்துவிட்டார்.

"இன்னாபா சவரி, மாமி கார்ல வந்துக்கீறே?"

தொடையை வெட்டி வாங்கிக்கொண்டு, ரிக்‌ஷா பிடித்துத் திரும்பிப் போவதாகச் சொல்ல கார் ஜன்னலுக்கு வந்தேன். அம்மா முகத்தைத் திருப்பாமலே பேசினார்கள்.

"எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லாதே. தெரிஞ்சா நிறுத்திடுவார். அப்புறம் என்னோட உக்காந்து சாப்பிடற ஒவ்வொரு வேளையும் அவருக்குத் தொண்டையில அடைக்கும்."

கார் போய்விட்டது. கறிப் பொட்டலத்தோடு நடுத்தெருவில் நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு ஜலதோஷம் மட்டும் காரணமில்லை.

அன்று அறுத்த கறி விறைத்துக் கிடக்கும், மெதுவாக்க வேண்டும். தோட்டத்துப் பப்பாளிக்காயை அரைத்துத் தடவி அரைமணி நேரம் வைத்து, வழித்துத் துடைத்துவிட்டு வாணலியில் போட்டேன். பெரிய துரை இரண்டாவது துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது சாரின் கையைப் பிடித்துக் குலுக்கி, பதவி உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

சார் குதிக்காத குறையாக அவுட்ஹவுஸுக்கு ஓடி வந்தார். நாலு நல்ல வார்த்தை சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சவரி, இதெல்லாம் அவ காதுக்கு மட்டும் போகப்படாது. பாவம், தாங்க மாட்டா."

"சரி சார்" என்றேன்.

இன்னும் நாலு வருஷம் அங்கே தோட்டக்காரனாக இருந்தேன். இரண்டு பேரும் ஒரே ரகசியத்தைத் தனித்தனியாக என்னிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்கவேயில்லை.

பின்னால் ஹோட்டல்களில் என் கீழ் வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் ஒன்று சொல்லிவந்தேன். கறியில் சந்தேகம் வந்தால் உன் மூக்கை நம்பாதே, கறி தின்னாத ஒருவரைக் கூப்பிட்டு முகரச் சொல். எங்கே கற்றீர்கள் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொன்னதில்லை. சார் போய்ப் பல வருஷமாகிறது. போன மாதம் அம்மாவும் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் இதை இப்போது எழுதுகிறேன்.