சயந்தினியின் தாளம் போடும் கை

சயந்தினிக்கு அவளுடைய வலது கையே வில்லங்கம். ஏழு வயதில் சங்கீத வகுப்பில் பழகிய கை; எங்கே பாட்டுக் கேட்டாலும் தொடையில் தாளம் போடத் தொடங்கிவிடும். எத்தனை தடவைதான் அதைத் திட்டுவது?

லண்டன் இல்ஃபோர்ட்டில் வளர்ந்த அவள் இப்போது பல்கலைக்கழகமொன்றில் வியட்நாமிய இசையை ஆராய்கிறாள். "எங்கட சங்கீதம் காணாதெண்டோ அங்க போனனீ?" என்று அம்மா செல்வமலர் போனில் அரித்தெடுப்பார். பேராசிரியரின் அரிப்பு வேறு. 'கா த்ரூ' என்னும் பழைய வியட்நாமியப் பாட்டுமுறை லண்டனுக்கு வந்தபின் எப்படி மாறியது என்ற அத்தியாயம் மாதக் கடைசிக்குள் வரவேண்டும். வராவிட்டால் வேலை ஒப்பந்தம் நீளாது.

அந்த அத்தியாயம் முழுவதும் துயென் பாடிய பதிவுகளில்தான் நின்றது. துயென் மருந்துக்கடையில் வேலை செய்யும் வியட்நாமியப் பெண், சயந்தினியின் வயதுக்காரி. ஞாயிற்றுக்கிழமைகளில் தன் பிளாட்டில் பாடுவாள்; சயந்தினி முன்னால் இருந்து பதிவு செய்வாள். இருவரும் பேசுவது ஆங்கிலம். சயந்தினியின் மனதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் பதியும்.

பதிவுகளைப் பயன்படுத்தச் சம்மதம் கேட்டுப் போன அன்று, துயென் அவற்றைப் போட்டுக் கேட்டாள். பாட்டோடு தப், தப் என்று ஒரு சத்தம்.

"இதென்ன, நிக்காமல் ஒரே மாதிரி அடிக்குது?"

"தாளம். என்ர கை தன்பாட்டில போடும்."

துயெனின் முகம் சுருங்கியது. கா த்ரூவில் கேட்பவர் ஒரு சிறு முரசு வைத்திருப்பார். நன்றாகப் பாடிய இடத்தில் அடித்துப் பாராட்டுவார். இதைப் பற்றி அடிக்குறிப்புகளோடு பக்கம் பக்கமாக எழுதியவளே சயந்தினிதான். அங்கே தன் கையைத்தான் கவனிக்கவில்லை, மடைச்சி.

"நீங்கள் பாராட்டுறீங்கள் எண்டெல்லோ நினைச்சன்."

"இல்லை... தாளத்தை எண்ணினன்."

"அப்ப நீங்கள் கேக்கேல்லை. எல்லாத்தையும் அழிச்சுவிடுங்கோ."

சயந்தினிக்கும் எரிச்சல் வந்தது. "என்ர வேலை போயிடும். லண்டனில இருக்கிற பாடகருக்கு முரசு தேவைப்படேல்லை எண்டு எழுதியும் முடிச்சிட்டன்."

"தேவையில்லை எண்டு ஆர் சொன்னது? அடிக்க ஆளில்லை. ஒராள் கிடைச்சிட்டுது எண்டுதான் ஒவ்வொரு ஞாயிறும் பாடினனான்."

சயந்தினி பதிவுகளை ஒவ்வொன்றாக அழித்தாள். கடைசிப் பதிவையாவது வைத்திருக்கவா என்று கேட்க வாயெடுத்தாள். கேட்காமலே அதையும் அழித்தாள்.