புதுச்சேரியில் வில்லங்கம் தேடிய வருஷங்கள்

பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் பார்க்கிற வேலை என்றால், அடுத்தவர் சொத்தில் குறை இருக்கிறதா என்று நாள் முழுக்கத் தேடி, ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அதையே எழுதிக் கையெழுத்துக்கு அனுப்புகிற வேலை. எழுபதுகளின் நடுவில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். முதலில் புத்தகத்தில் தேடினேன், பிறகு அட்டையில், எண்பதுகளின் கடைசியில் கம்ப்யூட்டரில். கவுண்டருக்கு இந்தப் பக்கம் தூசியில் தும்மியவர்களுக்கும், அந்தப் பக்கம் நின்று கால் கடுத்தவர்களுக்கும் நான் சொல்வது புரியும்.

கிழக்கே கடல்

நான் சேர்ந்த புதிதில், நிலங்களைத் திரும்ப அளந்து புது நம்பர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நம்பர் இல்லாத மனுவை வாங்கக் கூடாது என்று உத்தரவு. பிள்ளைச்சாவடியிலிருந்து மீன் விற்கிற அஞ்சலை என்ற அம்மாள் வந்தார். படகு வாங்கக் கடன் கேட்டிருந்தார்கள். பேங்க்கில் வீட்டுக்கு வில்லங்கம் கேட்டார்களாம். அவர் கொண்டுவந்த பழைய பத்திரத்தில் நம்பர் இல்லை. வடக்கே இன்னார் வீடு, தெற்கே கோயில் பாதை, மேற்கே தென்னந்தோப்பு, கிழக்கே கடல். அவ்வளவுதான்.

"நம்பர் இல்லாம தேட முடியாதும்மா" என்று நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "கடலுக்கு என்னா நம்பரு போட்டுக்கினீங்க? அத்த சொல்லு, அதுக்கு அடுத்த நம்பருதான் எங்க ஊடு."

அட்டை

பிறகு பெரிய பெரிய அட்டவணைப் புத்தகங்களை எல்லாம் சின்ன அட்டைகளில் எழுதி, இழுப்பறைகளில் அடுக்கச் சொன்னார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் பிரெஞ்சில் எழுதிய பக்கங்களை, என்னோடு வேலை பார்த்த மொரீஸ் சார் வாசிப்பார், நான் எழுதுவேன். அவர் மிஷன் ஸ்கூலில் பிரெஞ்சு படித்தவர். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும், ஆச்சு என்பதற்கு பிரெஞ்சில் "வுவாலா" என்பார். மழைக்காலத்தில் அட்டைகள் ஊறி உப்பி, இழுப்பறை திறக்காது. அதற்கென்று ஒரு ஸ்க்ரூ டிரைவர் வைத்திருந்தோம்.

இரும்புக்கடை வைத்திருந்த ஒரு பாய் மனு போட்டுவிட்டு அடிக்கடி வந்து கேட்டார். ஒருநாள் இழுப்பறையை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "முன்னாடி அவ்ளோ பெரிய பொஸ்தகத்தைப் பாத்தா, லேட்டாவறது நியாயம்தான்னு மனசு ஆறிடும். இப்ப இத்துனூண்டு அட்டைக்கும் ஒரு வாரம்னா நான் என்னான்னு ஆறுறது, ஜமீலாம்மா?"

கணவர் பெயர்

கம்ப்யூட்டர் வந்தது. டெல்லியில் போட்ட திட்டம். எந்த ஊர்ச் சொத்தானாலும் ஒரே மாதிரி தேட வேண்டுமாம். சோதனைக்கு எடுத்த ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. கற்றுக்கொடுக்க மெட்ராஸிலிருந்து ஸ்ரீதர் என்ற எஞ்சினியர் வந்தார். ஏ.சி. அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அந்த மாதிரி குளிரில் நாங்கள் அதுவரை உட்கார்ந்ததில்லை. மொரீஸ் சார் மஃப்ளர் கட்டிக்கொண்டு வந்தார்.

கடற்கரைப் பக்கம் சொந்த வீட்டில் தனியாக இருந்த ஒரு ரிடயர்டு டீச்சர் வந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். சொத்துக்காரர் பெண் என்று அடித்ததும் மெஷின் கணவர் பெயரைக் கேட்டது. காலியாக விட்டால் அடுத்த வரிக்கு நகரவில்லை. அப்பா பெயரைப் போட்டால், அவரைக் கணவர் என்று அச்சடித்துக் கொடுத்தது. நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "இத்தனை வருஷமா எங்க அம்மாவுக்கே நான் பதில் சொல்லல. இதுக்கு எதுக்குச் சொல்லணும்? கையால எழுதிக் குடுங்க."

முதல் சான்று

திறப்பு விழாவில், கம்ப்யூட்டரில் எடுத்த முதல் சான்றைப் பெரிய அதிகாரி ஒருவர் மேடையில் கொடுப்பதாக ஏற்பாடு. அதை வாங்க எங்கள் அலுவலக அதிகாரி தேர்ந்தெடுத்தவர் தணிகாசலம். மில்லில் வேலை பார்த்து வெளியே வந்தவர். கிடைத்த பணம் மொத்தத்தையும் போட்டு ரெட்டியார்பாளையத்தில் வீடு வாங்கப் போகிறார். மெஷின் தேடி, வில்லங்கம் ஏதும் இல்லை என்று அச்சடித்துவிட்டது. அவர் மனைவி பட்டுப்புடவையில் வந்திருந்தார்.

விழா தொடங்கக் கொஞ்ச நேரம் இருந்தது. வீடு காலியாக இருக்கிறதா என்று சும்மா கேட்டேன். "முன்கட்டு காலிங்க. பின்கட்டுல விக்கிறவரோட தங்கச்சி இருக்காங்க. புருஷன் இல்லாதவங்க. வித்ததும் போயிடுவாங்கன்னு சொன்னாரு" என்றார் தணிகாசலம். அவங்க சொன்னாங்களா, அவர் சொன்னாரா என்று கேட்டேன். "அவருதான்" என்றார் மனைவி.

மொரீஸ் சாரைக் கூப்பிட்டேன். வீட்டை முதலில் வாங்கியவர், இந்த அண்ணன் தங்கையின் அப்பா, ஜெயராமன். மெஷினில் அவரை 'ஜே' எழுத்தில் தேடியிருந்தோம். பிரெஞ்சு எழுத்துமுறையில் 'ஜே'க்கு முன்னால் ஒரு 'டி' போடுவார்கள், அதனால் ஜெயராமன் 'டி'யில் ஆரம்பிப்பார் என்று மொரீஸ் சார் சொன்னார். இருவரும் பழைய அட்டைகளுக்கு ஓடினோம். 'டி'யில் இருந்தார். வீட்டில் பாதியை மகளுக்குத் தானமாக எழுதிக் கொடுத்திருந்தார்.

வெளியே பெரிய அதிகாரியின் கார் வந்து நின்றுவிட்டது. எங்கள் அலுவலக அதிகாரியிடம் அட்டையைக் காட்டினேன். அவர் வாசலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தணிகாசலத்தின் சான்றைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, "வேற யாராவது பார்ட்டியைக் கூப்பிடுங்க" என்றார். யாரோ ஒரு அரிசிக் கடைக்காரருக்குக் கைதட்டல் கிடைத்தது. தணிகாசலத்தின் மனைவி கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். விழா முடிந்து விஷயத்தைச் சொல்லும்வரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

சில மாதம் கழித்து தணிகாசலம் திரும்ப வந்தார். அண்ணனும் தங்கையும் தகராறு செய்து, பிறகு சமாதானமாகி, முன்கட்டை மட்டும் இவருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். பின்கட்டு அந்த அம்மாளுக்கே நின்றது. இவர் கையில் பாதிப் பணம் மிச்சம். கிளம்பும்போது சொன்னார்: "அன்னிக்கு மேடையில வாங்கியிருந்தா வீட்டுல ஒரு போட்டோ மாட்டியிருப்பேன், கோர்ட்டுல ஒரு கேஸும் நடத்திக்கினு இருப்பேன்."

ரெண்டு பாஸ்போர்ட்

அந்த விழாவுக்கு அடுத்த வாரம் முழுக்க ஸ்ரீதர் ஊருக்குப் போகவில்லை. மொரீஸ் சாரைப் பக்கத்தில் உட்காரவைத்து, எந்தத் தமிழ் எழுத்து பிரெஞ்சில் எப்படி மாறும் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். முத்து என்ற பெயரை அந்தக் காலத்து குமாஸ்தா ஒருவரே நாலு விதமாக எழுதியிருந்தார். 'ஜே' என்று அடித்தால் 'டி'யிலும் போய்த் தேடுகிற மாதிரி மெஷினை மாற்றினார். டெல்லிக்கு ஏன் இந்த மாற்றம் என்று விளக்கம் எழுத வேண்டியிருந்தது. அதற்கு மட்டும் இரண்டு நாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ் ஏறப் போகும்போது மொரீஸ் சாரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உங்க ஊர்ல ஆளுங்களுக்கு மட்டும் இல்ல சார், பேருக்கே பிரெஞ்சு ஒண்ணு, இந்தியா ஒண்ணுன்னு ரெண்டு பாஸ்போர்ட் இருக்கு."

இத்தனை பேருக்கு வில்லங்கம் தேடிக் கொடுத்த நான், ரிடயர் ஆனபின் லாஸ்பேட்டையில் எனக்கென்று ஒரு மனை பார்த்துவிட்டு அதே கவுண்டரில் போய் வரிசையில் நின்றேன், சிஸ்டம் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.