சம்பந்தியின் பட்டியலும் என் அப்பாவின் கரண்டியும்

என் சம்பந்திக்கு வேறு வேலையில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அமெரிக்கர்கள் மீன் பிடிப்பார்கள், புல் வெட்டுவார்கள் என்று என் மகள் சொல்லியிருக்கிறாள். இவர் முன்னோர்களைத் தேடிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

மகள் இங்கே கல்கத்தாவில் ஜாதவ்பூரில் படித்தாள், இங்கேயே சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தாள், அங்கிருந்து அமெரிக்கா போய் அந்த நாட்டுக்காரரையே கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை தங்கமானவர். அவரைப் பெற்றவரும் நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு விஷயத்தைப் பிடித்தால் விடமாட்டார். போன வருஷம் துர்கா பூஜைக்கு முன்னால் அவரிடமிருந்து ஒரு பட்டியல் வந்தது. அவருடைய தாத்தாவின் தாத்தா அவர்கள் நாட்டுக்குள்ளேயே நடந்த சண்டையில் இருந்தாராம். தாத்தா முதல் உலகப் போரில் பிரான்சில். அப்பா இரண்டாவது போரில் ஏதோ ஒரு தீவில். இவர் வியட்நாமில். மாப்பிள்ளை ஈராக்கில். பெயர், பதவி, படைப்பிரிவு, பதக்கம், கடைசியில் பட்டாளத்திலிருந்து எப்படி வெளியே வந்தார் என்று கட்டம் கட்டமாக எழுதியிருந்தது. எல்லாவற்றுக்கும் தாள் வைத்திருக்கிறார் மனிதர்.

தாளின் இடதுபக்கம் அவர்கள் குடும்பம். வலதுபக்கம் எங்கள் குடும்பம். அதில் முதல் வரியில் என் அப்பா பெயர் இருந்தது. மற்றக் கட்டமெல்லாம் காலி. நான் நிரப்பி அனுப்ப வேண்டுமாம்.

எதற்கு என்றால், பேரனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. மறுமாதம் பட்டாளத்தில் சேரக் கையெழுத்துப் போடப் போகிறான். அன்றைக்கு இந்தப் பட்டியலைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு அவன் கையில் கொடுப்பதாக ஏற்பாடு. இடதுபக்கத்தின் அடியில் அவன் பெயரும் தயாராக இருந்தது.

என் அப்பா பெயர் அங்கே எப்படிப் போயிற்று என்று கேட்டால், நான்தான் காரணம். மகள் கல்யாண விருந்தில் சம்பந்தி தன் குடும்பத்துச் சேவையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். நான் மூன்றாம் வகுப்பு தாண்டாதவன். ஆனால் லேக் மார்க்கெட் பக்கம் என் கடைத் தோசையைத் தெரியாதவர் கிடையாது. அலிப்பூர் கோர்ட்டு வக்கீல்கள் கார் போட்டு வந்து வரிசையில் நிற்கிறார்கள். நான் கட்டிய கடை, என் தலையில் சுமந்த மாவு, என் கையால் துடைத்த மேஜை. ஒருவர் பேசிக்கொண்டே போக நான் இலையைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறவன் இல்லை. "எங்க அப்பாவும் உங்க மிலிட்டரியிலதான் இருந்தார், இதே கல்கத்தாவுல" என்றேன். அது பொய் இல்லை. நான் பொய் சொல்லி வாழ்ந்தவன் அல்ல. கொஞ்சம் பெருக்கிச் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான்.

கடையில் கல்லாவுக்கு மேலே ஒரு கரண்டி தொங்குகிறது. முழங்கை நீளம். காம்பில் 'யு.எஸ்.' என்று இரண்டு எழுத்து அடித்திருக்கும். யார் கேட்டாலும், "அமெரிக்கப் பட்டாளம் எங்க அப்பாவுக்குக் குடுத்தது" என்று சொல்லி வந்தேன். ஐம்பது வருஷமாகச் சொன்னேன். பேரன் பத்து வயதில் இங்கே வந்தபோது அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டான்.

பட்டியல் வந்த அன்றே என் மனைவி ஆரம்பித்துவிட்டாள்.

"நிரப்புங்களேன். பதவி, கரண்டி பிடிச்சவர். பதக்கம், கரண்டி."

"நீ சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். நீங்க கல்யாண வீட்டுல சும்மா இருந்திருக்கலாம்."

தாளை எடுத்துக்கொண்டு எதிர்ச்சாரியில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்கார வங்காளி நாற்பது வயதுக்காரர், என்னை மேஷோமொஷாய் என்றுதான் கூப்பிடுவார். மேஷோ என்றால் சித்தப்பா முறை. இங்கிலீஷில் டைப் அடித்துத் தரச் சொன்னேன். நாங்கள் பேசிக்கொண்டது வங்காளத்தில்.

"ரேங்க் என்ன போடட்டும், மேஷோமொஷாய்?"

"கௌரவமா ஏதாவது போடு."

"மேஜர்?"

"மேஜர் வேண்டாம். மேஜர்னா போட்டோ கேப்பாங்க."

"சுபேதார்?"

"அமெரிக்கப் பட்டாளத்துல சுபேதார் ஏதுப்பா?"

"சரி, அவர் அங்க என்னதான் செஞ்சார்? அதைச் சொல்லுங்க, ஏத்த மாதிரி போடறேன்."

"தினம் ஐந்நூறு பேரைக் கவனிச்சுக்கிட்டார்."

"அப்ப கர்னல்" என்று அடிக்கத் தொடங்கிவிட்டார். கம்ப்யூட்டரை மூடச் சொல்லித் தாளைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். வருகிற வழியெல்லாம் எரிச்சல். சம்பந்தி மேல், ஜெராக்ஸ்காரர் மேல், செத்துப்போய் முப்பது வருஷமான என் அப்பா மேலும்.

மறுநாள் மகள் பேசினாள். குரலே சரியில்லை.

"அப்பா, தாத்தா பத்தி எதையும் எழுதி அனுப்பாதீங்க."

"ஏம்மா? உன் மாமனார் நாலு தடவை கேட்டுட்டார்."

"இவன் சேர்றதுக்கு ஒரு லெட்டர் எழுதியிருக்கான். 'எங்க குடும்பத்துல ரெண்டு பக்கமும் யுத்தத்துக்குப் போனவங்க, நான் மட்டும் எப்படி வீட்டுல உக்காந்திருப்பேன்'னு. அவங்க பக்கம் நான் வாயே திறக்க முடியாது. அது அவங்க வழக்கம். நம்ம பக்கமாவது இல்லைன்னு சொல்லலாம்னு பார்த்தா, அந்தக் கரண்டி போட்டோவை டெஸ்க்டாப்புல வெச்சிருக்கான்."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"உண்மையைச் சொல்லுங்க."

"உண்மை உனக்குத் தெரியுமா?"

"அம்மா நேத்து சொன்னாங்க" என்றாள்.

வீட்டில் ஒரு ரகசியம் நிற்காது. அன்றைக்குச் சாம்பாரில் உப்பு தூக்கலாக இருந்ததைப் பெரிதாக்கி நான் சமையல்கட்டில் கத்தினேன். மனைவி காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

எழுதிக்கொடுப்பதா, மறைத்துவிடுவதா என்று நாலு நாள் கிடந்து தவித்தேன். எழுபத்தெட்டு வயதில் என்னிடம் இருக்கிற சொத்து கடையும் பேச்சும். கடையை எவனும் தூக்கிக்கொண்டு போக முடியாது. பேச்சு போய்விட்டால் சம்பந்தி முன்னால் எப்படி உட்காருவேன்? இது ஒரு பக்கம். பேரனின் கையெழுத்து இன்னொரு பக்கம். என் வாய்ச்சவடாலை நம்பி ஒரு பிள்ளை துப்பாக்கி தூக்கப் போகிறான் என்றால், அப்புறம் அவனுக்கு ஒன்று ஆனால், நான் எந்தக் கல்லாவில் போய் உட்காருவது?

ஞாயிற்றுக்கிழமை காலை, அங்கே சனிக்கிழமை சாயங்காலம், வீடியோவில் பேசினோம். திரையில் நடுவில் பேரன், ஒரு பக்கம் மகள், மறுபக்கம் சம்பந்தி. என் இங்கிலீஷ் கடைக்கு வரும் வாடிக்கையாளரோடு நின்றுவிடும். ஆகவே நான் தமிழில் சொன்னேன், மகள் மாற்றிச் சொன்னாள்.

என் அப்பா பட்டாளக்காரர் இல்லை. இரண்டாவது போர் சமயத்தில் லேக் மார்க்கெட்டுக்குப் பக்கத்து ஏரிக்கரையில் அமெரிக்கர்கள் கொட்டகை போட்டு முகாமிட்டிருந்தபோது, அதன் சமையல்கட்டில் தினக்கூலிக்குச் சேர்ந்தவர். முட்டை உடைப்பார், உருளைக்கிழங்கு உரிப்பார், பெரிய அண்டாவில் ஓட்ஸ் கஞ்சி கிண்டுவார். ஜப்பான்காரன் கிதிர்பூர் துறைமுகத்தில் குண்டு போட்டான். சத்தம் ஏரிவரை கேட்டிருக்கிறது. அப்பா அப்போது கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். அடுப்பை அணைக்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை, செருப்புகூடப் போடவில்லை. ஹவுரா ஸ்டேஷன்வரை நடந்தே போயிருக்கிறார். பாதி ஊர் அப்போது ஹவுராவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ஸ்டேஷனில் கூட்டத்துக்குள் முண்டி ஏறும்போதுதான் பக்கத்தில் இருந்தவர், "என்னய்யா கையில?" என்று கேட்டாராம். பார்த்தால் கரண்டி. கஞ்சி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

யாரும் கொடுத்த கரண்டி இல்லை அது. ஓடும்போது கீழே போட மறந்தது.

தஞ்சாவூருக்குப் போய்ச் சேர்ந்தார், கல்யாணம் செய்துகொண்டார், நான் பிறந்தேன். அப்புறம் என்னையும் கூட்டிக்கொண்டு திரும்ப இங்கே வந்தபோதும் ஏரிப் பக்கமே போகமாட்டார். பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று பயம். அமெரிக்கர்கள் போய் எத்தனையோ வருஷமான பிறகும் காக்கிச் சட்டையைப் பார்த்தால் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவார். எனக்கு அது வெட்கமாக இருந்தது. அதனால்தான் கதையை மாற்றினேன்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, "உங்க பட்டியல்ல ஓடிப்போனவருக்குக் கட்டம் கிடையாதுன்னு எனக்குத் தெரியும். அவர் பேரை அடிச்சிடுங்க" என்றேன்.

சம்பந்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வழக்கம்போல விசாரணையை ஆரம்பித்தார். அந்த நேரத்திலும் அந்த மனிதருக்கு விவரம் வேண்டும்.

"தினக்கூலியா, மாதச் சம்பளமா?"

"தினக்கூலி."

"ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டாரா? கைநாட்டு வைத்தாரா?"

"அவருக்கு எழுதத் தெரியாது. யாரும் தாள் நீட்டவும் இல்லை."

"அப்படியானால் அவர் ஓடிப்போனவர் இல்லை. கையெழுத்துப் போடாத ஆளுக்கு இஷ்டம்போல வேலையிலிருந்து நின்றுவிடும் உரிமை உண்டு. அவர் வேலையை விட்டுப் போனார். அவ்வளவுதான். அவரை யாருமே தேடியிருக்க மாட்டார்கள்."

மகள் இதை எனக்குத் தமிழில் சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதி மாளாது. நாற்பது வருஷம் அப்பா தெருவைக் கடந்துகொண்டிருந்தார். நான் ஐம்பது வருஷம் கரண்டிக்குக் கதை கட்டிக்கொண்டிருந்தேன். இதை ஒருவர் வந்து முன்னாலேயே சொல்லியிருக்கக்கூடாதா?

பேரன் தன் தாத்தா பக்கம் திரும்பி இங்கிலீஷில் கேட்டான். அது எனக்கே புரிந்தது. "நீங்க வியட்நாம்ல இருந்தப்போ, விட்டுட்டுப் போகலாம்னு இருந்திருந்தா போயிருப்பீங்களா?"

சம்பந்தி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "நான் கையெழுத்துப் போட்டிருந்தேன்" என்றார்.

"அதைக் கேட்கலை, கிராண்ட்பா."

"தெரியும்" என்றார். எழுந்து போய்விட்டார். திரையில் காலி நாற்காலி தெரிந்தது. மகள், "அப்புறம் பேசறேம்பா" என்று சொல்லிக் கட் பண்ணிவிட்டாள்.

பத்து நாள் சத்தமே இல்லை. பிறகு கூரியரில் கண்ணாடிச் சட்டம் வந்தது, எனக்கென்று தனியாக ஒரு பிரதி. அப்பா பெயரை அடிக்கவில்லை. வேலை: சமையல். கையெழுத்து: இல்லை. எப்படி வெளியே வந்தார்: நடந்து. இடதுபக்கத்தின் அடியில் பேரன் பெயருக்கு எதிரே எதுவும் எழுதவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய தேதியில் அவன் போகவில்லையாம். கொஞ்சம் நாள் கேட்டிருக்கிறான்.

மனைவி அதைக் கரண்டிக்குக் கீழேயே ஆணி அடித்து மாட்டிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. வக்கீல்கள் தோசைக்குக் காத்திருக்கும் நேரத்தில் வேறு வேலையில்லாமல் அதைப் படிக்கிறார்கள். முந்தாநாள் ஒருவர் 'தாதா', அதாவது அண்ணா, என்று கூப்பிட்டு வங்காளத்தில் கேட்டார்.

"தாதா, இத்தனை நாளும் மிலிட்டரி குடுத்த கரண்டின்னு சொன்னீங்களே?"

"சொன்னேன்."

"இதுல வேற மாதிரி இருக்கே."

"இது சரி. உங்களுக்கு வெங்காய ஊத்தப்பமா, சாதாவா?"

சம்பந்தி மட்டும் திருந்தவில்லை. போன வாரம் புதிதாக ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். ஏரியிலிருந்து ஹவுராவுக்கு அப்பா எந்தத் தெரு வழியாகப் போனார் என்று படம் போட்டு அனுப்ப வேண்டுமாம். குளிர்காலத்தில் பேரனைக் கூட்டிக்கொண்டு வருகிறாராம். அந்த வழியாக நடக்க வேண்டுமாம், வியட்நாமில் அடிபட்ட காலோடு. நான் மகளிடம், "டாக்ஸியில கூட்டிட்டுப் போறேன், இல்லைன்னா மெட்ரோவுல ஏத்தறேன், அரை மணியில ஹவுரா" என்றேன்.

"நடக்கணும்னு சொன்னது இவன்தாம்பா. மாமா இல்லை."

"நடந்து முடிச்சதும் என்ன பண்றதா உத்தேசம்? கையெழுத்துப் போடறானா, இல்லையா?"

"வந்துட்டுப் போய்த்தான் சொல்வேன்னு சொல்லிட்டான்."

எட்டு, ஒன்பது கிலோமீட்டர். எனக்கு மார்க்கெட்வரை போய்வந்தாலே முழங்கால் பிடித்துக்கொள்கிறது. நான் வராவிட்டால் அந்த இரண்டு பேரும் காளிகாட் தாண்டுவதற்குள் வழி தவறிவிடுவார்கள். ஆகவே தினமும் காலையில் கடை திறக்கும் முன் ஏரியை ஒரு சுற்று நடந்து பழகுகிறேன். என் அப்பா அப்புறம் எட்டிக்கூடப் பார்க்காத ஏரி. அங்கே உட்காரும் இடத்தில் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, அவர் எந்தத் தெருவில் திரும்பியிருப்பார் என்று யோசிக்கிறேன். அவரிடம் நான் ஒருநாளும் கேட்கவில்லை.