விளக்கைத் தொட்டால் திறக்கும் பக்கம்

மலேசியாவில் செனாவாங் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை பார்க்கும் புனிதனுக்கு எதையும் அழகாகச் செய்தால்தான் சோறு இறங்கும். ஓய்வு நாட்களில் கல்யாண மண்டபம், கேட்டரிங், கோயில் என்று யார் கேட்டாலும் இணையப் பக்கம் செய்து கொடுப்பான். எல்லாவற்றிலும் பூ விரியும், மணி அடிக்கும். "கண்ணுல ஒத்திக்கலாம்லா" என்று ஊரே பாராட்டி அவனைக் கெடுத்து வைத்திருந்தது.

லுக்குட் பக்கம் அவன் பிறந்த புக்கிட் செராய் ரப்பர்த் தோட்டத்தை வீட்டுமனைக்கு விற்றபோது, தோட்டத்து இடுகாட்டில் புதைத்திருந்த நூற்றுப்பன்னிரண்டு பேரையும் தோண்டியெடுத்து வேறிடம் மாற்ற முடிவானது. கோயில் கமிட்டித் தலைவர் தர்மராஜ், தோட்டக் கணக்கு பார்த்த அந்தக்காலக் கிராணி எழுதிய இறப்புப் பதிவேட்டைக் கொண்டுவந்து அவனிடம் கொடுத்தார்.

"பேரையெல்லாம் நெட்ல போட்டுரு தம்பி. சொந்தக்காரங்க எங்கெங்க இருக்காங்களோ. ஆறு மாசம் டைம். வந்தவங்க எலும்பை எடுத்துக்கிட்டுப் போகட்டும். ஆள் வராததுக்கெல்லாம் ஒரே குழிதான்லா."

புனிதன் உருகிப் போனான். பெயர்களைத் தட்டச்சு செய்ய மனம் வரவில்லை. கிராணியின் சாய்ந்த கையெழுத்தையே பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் போட்டான். முகப்பில் கறுப்புத் திரை, நடுவில் ஒரு குத்துவிளக்கு. விளக்கைத் தொட்டால்தான் பக்கம் திறக்கும், பெயர்கள் வரும். பார்த்த கமிட்டி ஆட்களில் இரண்டு பேர் அழுதேவிட்டார்கள்.

ஆனால் இணையத்தில் தேடித் தரும் இயந்திரத்துக்கு விரல் கிடையாது. அது விளக்கைத் தொடாது. தப்பித் தவறி உள்ளே போனாலும் படத்திலிருக்கும் கையெழுத்து அதற்குப் பிடிபடாது. எழுத்தாக அடித்து வைத்ததைத்தான் படித்து நினைவில் வைக்கும். புனிதனுக்கு இது தெரியாததல்ல. தேடினால் தன் கடை வரவில்லை என்று கேட்டரிங்காரர் ஒருவர் முன்பே சண்டை பிடித்திருந்தார். அந்த ஆளுக்கு ரசனை இல்லை என்று நினைத்துக்கொண்டான்.

ஆறு மாதத்தில் எழுபத்தொரு குழிகளுக்கு ஆள் வந்தது. எல்லோரும் வாட்ஸ்அப்பில் இணைப்பு கிடைத்தவர்கள். மீதி நாற்பத்தொரு பேரை ஒரே குழியில் வைத்து மேலே சிமெண்டு பூசினார்கள்.

மூன்று வாரம் கழித்துக் கெமாஸிலிருந்து ரதி வந்தாள். இரண்டு வயதில் தாயை இழந்து, ரயில்வேக்காரர் ஒருவர் வீட்டுக்குத் தத்துப் போனவள். இப்போது நாற்பத்தாறு வயது. அம்மா பெயர் செல்லம், தோட்டம் புக்கிட் செராய். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதைப் போனில் அடித்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தேடியிருக்கிறாள். ஒன்றும் வரவில்லை. கடைசியில் ஒரு கல்யாண வீட்டில் யாரோ இணைப்பைக் காட்டியிருக்கிறார்கள்.

தர்மராஜ் அவளோடு புனிதனையும் கூட்டிக்கொண்டு அந்தப் பொதுக் குழிக்குப் போனார். ரதி கையில் மல்லிகைச் சரமும் ஒரு மஞ்சள் சேலையுமாகச் சிமெண்டுத் தரையை ஒரு முறை சுற்றி வந்தாள்.

"தம்பி, அம்மா எந்தப் பக்கம்னு தெரியுமா?"

புனிதன் தர்மராஜைத் திரும்பிப் பார்த்தான். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"பரவால்ல தம்பி," என்று சேலையை நடுவில் வைத்தாள். "உங்க வெப்சைட் ரொம்ப அழகா இருக்கு. அந்த விளக்கு எரியறதைப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

திட்டியிருந்தால் தேவலை. மெஷின் முன்னால் நின்றாலும் மோட்டார் சைக்கிளில் போனாலும் 'எந்தப் பக்கம்' என்ற குரல் அவன் பின்னாலேயே வந்தது. சோறு இறங்கவில்லை. பக்கத்திலிருந்து விளக்கைத் தூக்கி எறிந்தான். நூற்றுப்பன்னிரண்டு பெயர்களையும் வெறும் எழுத்தில் அடித்தான். யார் வந்து எடுத்துப் போனார்கள் என்ற கமிட்டிக் குறிப்பையும் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அப்படியே சேர்த்தான். வெள்ளையில் கறுப்பெழுத்து, வேறொன்றுமில்லை.

பத்தாம் நாள் ரதி போன் செய்தாள்.

"வந்துருச்சு தம்பி! தேடினா முதல்லயே அம்மா பேரு." பிறகு குரல் இறங்கியது. "பக்கத்துல 'யாரும் வரவில்லை'ன்னு இருக்கு. நான் தேடிக்கிட்டுதானே தம்பி இருந்தேன்?"

"மாத்திர்றேன்க்கா. இப்பவே மாத்திர்றேன்."

மாற்றினான். 'செல்லம். மகள் ரதி கெமாஸிலிருந்து தேடி வந்தார்.' பிறகு தேடிப் பார்த்தான். பக்கம் மாறியிருந்தது, தேடலில் வரும் வரி மாறவில்லை. அந்த இயந்திரம் மறுபடி வந்து படிக்கும்வரை பழையதையே காட்டும். எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வேலைக்குக் கிளம்புமுன் தினமும் அடித்துப் பார்க்கிறான். செல்லம், புக்கிட் செராய் தோட்டம். யாரும் வரவில்லை.